கீழே என்றால் வடக்கே

ஹாஸ்கே தீவில் மார்சலி என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். போதகர் வீட்டு மார்சலி, சிவப்புத் தலை மார்சலி, பல்லில்லாத மார்சலி, கயிறு மார்சலி. வாரத்தில் மூன்று நாள் கப்பல் வந்து துறையை ஒட்டும்போது, தளத்திலிருந்து வீசும் வடத்தைப் பிடித்து இரும்புக் கட்டையில் மாட்டுகிற வேலை நாலாமவளுடையது. அதுபோகத் தபால் பையைப் பிரிப்பது, ஊர்க்கூடத்தைப் பெருக்குவது, கூட்டம் நடந்தால் தேநீர் போடுவது, எங்காவது புகைந்தால் தீயணைப்பு வண்டியின் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாமே அவள்தான். எண்பத்தேழு பேர் இருக்கிற தீவில் ஒரே ஒரு வேலை பார்ப்பவரை ஊர் சீக்காளி என்றுதான் நினைக்கும்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. படிப்பு பதினைந்தோடு நின்றது. பெரிய பள்ளிக்கூடம் அக்கரையில், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகிற அன்று, துறையில் ஆள் இல்லையே என்று கப்பலின் வடத்தை அவிழ்த்து விட்டாள். கப்பல் போயிற்று. அவள் அதில் இல்லை என்பது இரவுச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. யாரும் திட்டவில்லை. இன்னும் ஒரு தட்டு எடுத்து வைத்தார்கள்.

ஆட்டோடு பேசுவாள், நாயோடு பேசுவாள். ஒரு மனிதர் தனியாக வந்தால் ஒன்றிரண்டு வார்த்தை வரும். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் வாய் பூட்டிக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குப் பூட்டு கிடையாது. கூட்டத்தில் யார் மூன்று ஸ்கோன் ரொட்டி எடுத்தார், யார் குறிப்பு எழுதுகிற பாவனையில் படகுப் படம் வரைகிறார், யார் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார் என்பதெல்லாம் தேநீர்ப் பானைக்குப் பின்னாலிருந்து நன்றாகத் தெரியும்.

தீவின் நடுவே பென் கோரம் மலை. ஆயிரத்து எண்ணூறு அடி. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதில் ஏறியதே இல்லை. ஏன் என்று கேட்டால், "அங்க என்ன இருக்கு, காத்துதானே? அதான் இங்கயே தள்ளுதே" என்பார்கள். ஆடு மேலே கிடந்தால் மட்டும் ஏற வேண்டும். தீவின் மலை ஆடுகளை ஆண்டுக்கு நான்கு முறை ஒன்றுசேர்த்து இறக்கிக் கொண்டுவருவதும் மார்சலிதான், அவளோடு மெக் என்கிற கறுப்பு வெள்ளை நாய். அந்த மலையில் எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பச்சை பொய் சொல்லும் என்று அவள் காலுக்குத் தெரியும்.

அதனாலேயே அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது.

மலை நடைத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் ரூபர்ட் ஹாலம். லண்டன் பக்கத்து ஆள், ஓய்வு பெற்றவர். மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் இருந்திருக்கிறார். அந்தக் கம்பெனிகள் இப்போது என்ன ஆயின என்று கேட்க ஊருக்குத் தோன்றவில்லை. ஆறு வருடமாகத் தீவில் வாசம். ஊர்ப் பாஷையில் நாற்பது வார்த்தை கற்றுக்கொண்டு, அந்தப் பாஷையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் அவர்களுடைய குன்றுகளின் பெயருக்கு அர்த்தம் சொல்லுவார். அவர்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வார்கள். அப்படி ஒரு மரியாதை தெரிந்த ஊர்.

அக்கரையிலிருந்து ஒரு நடைச் சங்கம் வருகிறது, இருபத்து மூன்று பேர், ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை. அவர்களைப் பென் கோரம் உச்சிக்கு அழைத்துப்போக வேண்டும். இதற்காக ஹாலம் பதினான்கு பக்கத்தில் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். பளபளப்புத் தாள், முதல் பக்கத்தில் கைத்தடியோடு அவருடைய படம். அவர் மலையில் ஏறியிருக்கிறாரா என்றால், கம்ப்யூட்டரில் பதினொரு முறை ஏறியிருக்கிறார். நேரில் போன இரண்டு தடவையும் ஆட்டுப்பட்டி வரை போய், முழங்கால் ஒத்துழைக்காமல் திரும்பிவிட்டார். பாதை விவரத்துக்கு அவர் நாடியது எண்பத்தொரு வயது சோர்லியை. வரைபடத்தைவிட மண்ணின் மக்களுடைய அறிவுதான் பெரிது என்று முன்னுரையில் எழுதியிருந்தார். ஒரு அரை பாட்டில் விஸ்கியோடு போய் அந்த அறிவை ஒரே மாலையில் இறக்கிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி ஏற்பாட்டுக் கூட்டம். நான்கு மணிக்கே கூடத்துக்கு வந்து, நாற்காலிக்கு ஒன்றாக அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போன மார்சலி, பதினோராம் பக்கத்தைப் பிரித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாம்பல் கல்லை அடைந்ததும் கீழே இறங்கவும். இரண்டு குட்டைகள் வரும்வரை தொடர்ந்து கீழ்நோக்கியே செல்லவும்."

ஹாஸ்கேயில் கீழே என்றால் வடக்கே. மேலே என்றால் தெற்கே. மேடு பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கடைக்கு மேலே போகிறேன் என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் சைக்கிளை மிதிக்காமல் விடுவார்கள். நம் பக்கத்தில் கீழவீதி பள்ளத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாராவது அடம் பிடிக்கிறார்களா என்ன? அது போலத்தான். சோர்லி சொன்ன 'கீழே', சாம்பல் கல்லிலிருந்து வடக்கே, செங்குத்தாக ஏறிப் போகிற மலை முதுகு. ஹாலம் எழுதிய கீழே, வந்த வழியை விட்டால் இறங்குவதற்கு இருக்கிற ஒரே சரிவு, கல்லுக்கு மேற்கே. அதற்கு ஊரில் தொண்டை என்று பெயர். முதல் ஐம்பது அடி மெத்தை போட்டதுபோல் புல். அதற்குப் பிறகு புல் இல்லை, மண் இல்லை, முந்நூறு அடி ஆழத்தில் கடல்தான் இருக்கிறது. போன மாசியில் அவளுடைய இரண்டு ஆடுகளை அது விழுங்கியது.

புத்தகத்தை மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு கடைக்கு ஓடினாள். அடுப்புப் பக்கத்தில் சோர்லி உட்கார்ந்திருந்தார். அவள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

"பெரியப்பா, இந்தப் புஸ்தகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். என் பேரு பதிமூணாம் பக்கத்துல கிடக்கு. கொசு உக்காந்த மாதிரி எழுத்து."

"கல்லுகிட்ட கீழ போகணும்னு போட்டிருக்கு."

"ஆமா. நான் சொன்னதுதான். ஒரு வார்த்தை மாத்தலை. மனுஷன் நேர்மையானவன்."

"அவரு கீழன்னா கீழன்னு நெனச்சுட்டாரு."

"வேற என்னன்னு நெனக்கணும்?"

"வடக்கன்னு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். கீழ."

மார்சலி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தொண்டைக்குள்ள போயிருவாங்க பெரியப்பா. இருபத்தி மூணு பேரு."

சோர்லி புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்து அதற்குள் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவர் முகத்தில் தெரிந்தது பயம் இல்லை, சங்கடம்.

"அவனா வந்து கேட்டா சொல்லுவேன். கேக்காம நாமளா போய்ச் சொன்னா, அவன் தப்பா எழுதிட்டான்னு சொன்ன மாதிரி ஆயிருமே. நல்லாவா இருக்கும்?"

இதுதான் ஹாஸ்கே. ஒருவரை நேருக்கு நேர் தப்பு என்று சொல்வது அங்கே திருட்டுக்கு ஒரு படி மேல். ஒருவர் கூரையில் தீப்பிடித்தால்கூட, "உங்க வீட்டுப் பக்கம் இன்னைக்குக் கொஞ்சம் வெளிச்சமா இருக்குதே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். யாராவது முழுப் பொய்யே சொன்னாலும், "அப்படியும் சொல்லலாம்" என்பார்கள். கல்லா மேசைக்குப் பின்னால் நின்ற கடைக்கார எஃபியும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாவுப் பையின் முடிச்சை ரொம்பக் கவனமாகச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.

மார்சலி கூடத்துக்குத் திரும்பினாள். ஹாலம் படம் காட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு தனியாக நின்றார். தனியாக இருந்தது அவள் அதிர்ஷ்டம்.

"ஐயா," என்றாள். "கீழன்னா கீழ இல்லைங்க."

ஹாலம் நிமிர்ந்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"கீழே என்றால் கீழே இல்லை! அடடா. எவ்வளவு ஆழமான பேச்சு, மார்சலி! கஷ்டப்பட்ட ஜனங்க வாயில இருந்துதான் இப்படி வரும்."

"இல்லைங்க, அந்தப் பதினோராம்..."

"இருங்க, இருங்க, மறக்கறதுக்குள்ள எழுதிக்கறேன்." சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். தேதியும் போட்டார். அதற்குள் போதகர் உள்ளே வந்துவிட்டார். இரண்டு பேர் ஆகிவிட்டது. மார்சலி தேநீர்ப் பானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஏழு மணிக்கு முப்பது பேர் கூடினார்கள். ஹாலம் ஆபத்துப் பட்டியல் ஒன்றைச் சுவரில் காட்டினார். வெயில் கொப்புளம், உண்ணிக் கடி, செருப்புக் கடி, தண்ணீர் குடிக்க மறப்பது, உள்ளூர்ப் பண்பாட்டை அறியாமல் புண்படுத்துவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஆளுக்கு ஒரு விசில் தரப்படும். மேலங்கி ஆரஞ்சு நிறமா மஞ்சள் நிறமா என்பதில் இருபது நிமிடம் போயிற்று. ஆரஞ்சு வென்றது. தொண்டையின் பெயர் எந்த நிறத்திலும் இல்லை.

மார்சலி சுற்றிலும் பார்த்தாள். எஃபிக்குத் தெரியும். சோர்லிக்குத் தெரியும். ஒவ்வொருவராகப் பதினோராம் பக்கத்தைப் புரட்டுவதும், படிப்பதும், படக்கென்று மூடிவிட்டுக் கூரையைப் பார்ப்பதும் அவளுக்குத் தெரிந்தது. முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேருக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் மற்றவர் சொல்வார் என்று ரொம்ப மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"வேற ஏதாவது விஷயம் உண்டா?" என்று ஹாலம் கேட்டார். கேட்டுக்கொண்டே காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"பதினோராம் பக்கம் தப்பு."

யார் பேசியது என்று கண்டுபிடிக்கவே கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மார்சலி இரண்டு கையாலும் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எது தப்பு?" என்றார் ஹாலம்.

"கல்லுகிட்ட இறங்கக்கூடாது. கீழன்னா இங்க வடக்க."

ஹாலம் வரைபடத்தைப் பார்த்தார். "வடக்கே மேடாச்சே?"

"ஆமா."

"அப்ப கீழே போகணும்னா மேலே ஏறணும்."

"ஆமா."

"மேலே போகணும்னா?"

"தெக்க எறங்கணும்."

பின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஹாலமும் சிரித்தார், பெரிய மனதோடு. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இது உண்மையா? நீங்க சொல்லுங்க" என்றார்.

எஃபி காதைச் சொறிந்தாள். "அப்படியும் சொல்லலாம்."

"ரெண்டு விதமாவும் பாக்க இடம் இருக்கு" என்றார் போதகர்.

"நான் சொன்னதை அவரு எழுதினாரு, அவரு எழுதினதை நான் குறை சொல்லலை" என்றார் சோர்லி.

அப்போது வடமுனைக்காரன் ஹெக்டர் எழுந்தான். "மன்னிக்கணும். எங்க பக்கத்துல கீழன்னா கிழக்க."

அவ்வளவுதான். தென்பக்கத்தார் பாதிப் பேர் நாற்காலியை நகர்த்தினார்கள். ஹாலத்துக்குத் தப்பு என்று சொல்ல நாக்கு வராதவர்களுக்கு, வடமுனைக்காரர்களைச் சொல்ல மட்டும் நன்றாக வந்தது.

"உங்க பக்கத்துல கிழக்க கடல்தானடா இருக்கு. கீழ போறவன் எல்லாம் மீனா?"

"உங்க ஊருல மாடு கட்டற திக்கு தெரியாம உங்க தாத்தன் சதுப்புல நின்னது மறந்து போச்சா?"

நாற்பது நிமிடம். யார் தாத்தா எந்தப் பக்கம் விழுந்தார் என்பதெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் ஹாலம் மேசையைத் தட்டி, வாக்கெடுப்பு நடத்தினார். எது கீழே என்று ஒரு ஊர் கையைத் தூக்கி முடிவு செய்த சரித்திரம் வேறெங்கும் இருக்காது. புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்பதற்கு ஒன்பது கை. வடக்கே என்பதற்கு ஏழு. கிழக்கே என்பதற்கு நாலு. மீதிப் பேர் கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தார்கள். "திசை குறித்து மாற்றுக் கருத்து ஒன்று நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது" என்று ஹாலம் எழுதிக்கொண்டார்.

போகும்போது எஃபி அவள் காதருகே வந்து, "நீ சொன்னது சரிதாண்டி. ஆனா எல்லாருக்கும் முன்னாடியா?" என்றாள்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் இருபத்து மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு அம்மாள். ஒரே மாதிரி தொப்பி போட்ட புருஷன் பெண்டாட்டி. ஒரு வழுக்கைத் தலைக்காரர், மார்சலி வடத்தைக் கட்டையில் மாட்டியதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் வடம் பிடித்ததற்காக அவளுக்கு யாரும் நன்றி சொன்னது கிடையாது. அன்றைக்கு வேலை முடிகிற வரை அவளுக்கு மனசே சரியில்லை. முகம் தெரியாத இருபத்து மூன்று பேராக இருந்தவரை கணக்கு மாதிரி இருந்தது. இப்போது அதில் ஒன்று நன்றி சொல்லிவிட்டது.

சனிக்கிழமை அவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே அவள் மெக்கோடு சாம்பல் கல்லுக்குப் போய்விட்டாள். மூடுபனி இறங்கியிருந்தது. இருபது அடி வரை தெரியும், அதற்கு மேல் தெரியாது. கல்லின் மறைவில் உட்கார்ந்துகொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "வடக்க போங்க. எல்லாரும் வடக்க போங்க." மெக் தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒரு முறை கூடத் திக்காமல் வந்தது.

பதினொரு மணிக்கு விசில் சத்தம் கேட்டது. பிறகு ஆரஞ்சு நிறம். முன்னால் ஹாலம், கையில் பதினோராம் பக்கம் பிரித்தபடி. கல்லைத் தொட்டு, "இங்கேருந்து இறக்கம்தான், சுகமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பச்சைப் புல்லைப் பார்த்துத் திரும்பினார். அவர் பின்னால் வழுக்கைத் தலைக்காரர், அவர் பின்னால் முழங்கால் கட்டுக்காரி.

மார்சலி பாய்ந்து எழுந்தாள். வாயைத் திறந்தாள். அதில் வந்தது ஐம்பத்து மூன்று வருடமாக வந்துகொண்டிருந்த வார்த்தை.

"கீழ! எல்லாரும் கீழ போங்க!"

ஹாலம் பூரித்துப் போனார். "கேட்டீங்களா? இவங்களே சொல்லிட்டாங்க! வாங்க, வாங்க." இருபத்து மூன்று பேரும் நடையை எட்டிப் போட்டார்கள்.

தன் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு மார்சலி ஒரு விநாடி நின்றாள். அப்புறம் இரண்டு விரலை வாயில் வைத்து, ஆட்டுக்கு அடிக்கிற சீட்டியை அடித்தாள்.

மெக்குக்கு மேல், கீழ் எதுவும் கிடையாது. கூட்டம் உண்டு, கூட்டத்தைத் திருப்பு என்கிற சீட்டி உண்டு, அவ்வளவுதான். வட்டமடித்து ஓடித் தொண்டையின் வாயில் போய் நின்றது. வயிறு தரையில் பட, தலையைத் தாழ்த்தி, கண்ணை அசைக்காமல் வந்தது. முன்னால் போனவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் பாங்க் மேனேஜர், பல் டாக்டர் என்ற பேதமெல்லாம் இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே கொத்தாகச் சேர்ந்தார்கள். தொப்பிக்காரப் புருஷன் மட்டும் புகைப்படம் எடுக்க விலகினார். மெக் போய் அவரையும் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டாவது சீட்டிக்குக் கூட்டம் வடக்கே திரும்பி ஏற ஆரம்பித்தது.

புல்லில் நின்றது ஹாலம் மட்டும். "இது வழியே இல்லை," என்றார். "கமிட்டி முடிவு வேற. ஒன்பது ஓட்டு." மெக் அவருடைய கால்சட்டை விளிம்பைப் பல்லில் பிடித்துக்கொண்டது.

மார்சலி அவர் அருகில் போனாள். கோபத்தில் அவளுக்கு வார்த்தை தானாக வந்தது.

"ஐயா, போங்க. உங்க காகிதத்துல போட்டபடியே ஒரு அம்பது அடி நடங்க. நான் நாயைக் கூப்பிட்டுக்கறேன்."

மெக்கைக் கூப்பிட்டும் விட்டாள்.

ஹாலம் பத்து அடி நடந்தார். பதினைந்து நடந்தார். அப்போது காற்று பனியை ஒரு முழம் விலக்கியது. புல் முடிகிற இடமும், அதற்கு அப்பால், ரொம்பக் கீழே, ஒரு வெள்ளைக் கடற்பறவையின் முதுகும் தெரிந்தன. பறவையின் முதுகை அவர் அதுவரை மேலிருந்து பார்த்ததில்லை.

ரொம்ப மெதுவாக, காலைத் தூக்காமல் பின்பக்கமாகவே திரும்பி வந்தார். புத்தகத்தை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்தார். அவளைப் பார்க்காமல் கல்லைத் தாண்டி, மற்றவர்கள் போன முதுகில் ஏற ஆரம்பித்தார். நாலு அடி போனதும் நின்றார்.

"அடுத்த பதிப்பில திருத்திடலாம்," என்றார். "இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்தான்."

"ஏறுங்க," என்றாள் மார்சலி.

அவர் ஏறினார். அவள் கல்லின் மேல் நின்றுகொண்டு, பனிக்குள் மறைகிற ஆரஞ்சு முதுகுகளை ஆடு எண்ணுகிற மாதிரி கட்டைவிரலால் எண்ணினாள். இருபத்து மூன்று. பின்னால் மூச்சிரைக்கிற ஒன்று. எல்லாம் சரியாக இருந்தது.